ஜெசெரோவின் கற்களைக் கைவிடாதீர்கள்: நாசாவுக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாசா நிர்வாகி அவர்களுக்கும், அமெரிக்க நாடாளுமன்ற நிதி ஒதுக்கீட்டுக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

செவ்வாய்க் கோளின் ஜெசெரோ பள்ளத்துக்குள், திரீ ஃபோர்க்ஸ் என்று நீங்கள் பெயர் சூட்டிய சமதரையில், பெரும்பாலும் பாறை மாதிரிகள் அடைத்த பத்து டைட்டானியக் குழாய்கள் கிடக்கின்றன. 2022 டிசம்பர் 21 அன்று முதல் குழாயைத் தரையில் போட்ட பெர்சிவியரன்ஸ் ரோவர் என்ற ஆய்வு வண்டி, 2023 ஜனவரி முடிவதற்குள் பத்தையும் போட்டு முடித்தது. 5 முதல் 15 மீட்டர் வரை இடைவெளி விட்டு, வளைந்து வளைந்து செல்லும் வரிசையில் அவை இடப்பட்டிருக்கின்றன. பின்னால் எடுக்க வரும் இயந்திரத்துக்கு வசதியாக இருக்க வேண்டும் என்று எண்ணிச் செய்த ஏற்பாடு அது. ஒவ்வொரு குழாயும் ரோவரின் அடிவயிற்றிலிருந்து, ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது. விழுந்ததும் ரோவரின் கை நுனியில் உள்ள கேமராவை வண்டிக்கு அடியில் நீட்டி, குழாய் சக்கரத்தின் பாதையில் உருண்டுவிட்டதா, மண்ணில் செங்குத்தாகக் குத்தி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் உங்கள் பொறியாளர்கள் வண்டியை நகர்த்தினார்கள்.

அத்தனை கவனத்தோடு வைத்தவற்றை எடுத்துவர இன்று உங்களிடம் திட்டம் இல்லை. 2026 ஜனவரியில் முடிவான நிதி ஒதுக்கீட்டில், செவ்வாய் மாதிரிகளைப் பூமிக்குக் கொண்டுவரும் நடப்புத் திட்டத்துக்கு ஆதரவில்லை என்று எழுதிவிட்டீர்கள். இந்த மடல் அதைப் பற்றியது.

நான் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பிக்கிறவன். உங்கள் நாட்டில் எனக்கு வாக்கு இல்லை, நான் உங்களுக்கு வரி கட்டுவதும் இல்லை. ஆனாலும் இதில் பேச எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன். பெர்சிவியரன்ஸ் கிளம்புவதற்கு முன் உலகம் முழுவதையும் அழைத்துப் பெயர்களைக் கேட்டீர்கள். ஒரு கோடியே 9 லட்சம் பேர் அனுப்பிய பெயர்கள், விரல் நகம் அளவுள்ள சில்லுகளில் பொறிக்கப்பட்டு அந்த ரோவரின் மேல் இருக்கின்றன. என் மாணவர்கள் சிலரும் அனுப்பினார்கள். விண்வெளி ஆய்வு மனிதகுலம் அனைத்துக்கும் பொதுவானது என்று சொல்லும் 1967ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் உங்கள் நாடும் கையெழுத்திட்டிருக்கிறது, என் நாடும் கையெழுத்திட்டிருக்கிறது.

கேட்க வந்தது இதுதான். அந்தக் கற்களைப் பூமிக்குக் கொண்டுவாருங்கள். பழைய திட்டத்துக்கே உயிர் கொடுங்கள் என்று வாதாட வரவில்லை. ஏதாவது ஒரு திட்டம், சொந்தப் பெயரோடும் சொந்த நிதியோடும், இருந்தாக வேண்டும் என்கிறேன். காரணங்களைச் சொல்கிறேன்.

செவ்வாயில் தண்ணீர் தேடிய கதையை முதலிலிருந்து பார்த்தால் ஒன்று தெளிவாகும். தூரத்திலிருந்து பார்த்துச் சொன்னவற்றைக் கிட்டத்தில் போய்ப் பார்த்த கண்கள் திரும்பத் திரும்பத் திருத்தியிருக்கின்றன. 1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் கடந்து செல்லும்போது எடுத்த இருபத்துச் சொச்சம் படங்களில் நிலவைப் போன்ற குழிகள்தாம் தெரிந்தன. செவ்வாய் செத்த உலகம் என்று பலர் முடிவு கட்டினார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1971 நவம்பரில் மாரினர் 9 அங்கே போய்ச் சேர்ந்தபோது கோள் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. புயல் அடங்கும்வரை சுற்றுப்பாதையிலேயே காத்திருந்தது. புழுதி படிந்த பிறகு வந்த படங்களில் வறண்ட ஆற்றுப் படுகைகள் கிடந்தன, கிளையாறுகள் கிடந்தன. அடுத்த ஐம்பது ஆண்டுகளின் கேள்வி அங்கே பிறந்தது. அந்தத் தண்ணீர் எவ்வளவு காலம் நின்றது? எங்கே தேங்கியது? அதில் ஏதேனும் வாழ்ந்ததா?

2004இல் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் மெரிடியானி சமவெளியில் இறங்கி, பாறைக்குள்ளும் தரையிலும் ஹேமடைட் என்ற இரும்புக் கனிம உருண்டைகளைக் கண்டது. தண்ணீர் ஊறிய பாறையில் உருவானவை அவை. ஜாரோசைட் என்ற கனிமமும் அங்கே இருந்தது, ஆகவே அந்தத் தண்ணீர் அமிலத்தன்மை உடையது என்றும் தெரிந்தது. அதன் இரட்டையான ஸ்பிரிட்டுக்கு 2006இல் முன் வலது சக்கரம் நின்றுபோனது. அந்தச் சக்கரத்தை இழுத்துக்கொண்டே அது பின்னோக்கி நகர்ந்தது. இழுபட்ட சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டு போன தடத்தில், 2007இல், வெள்ளை வெளேரென்று ஒரு படிவு வெளிப்பட்டது. சோதித்துப் பார்த்தால் ஏறத்தாழ 90 விழுக்காடு சிலிக்கா. வெந்நீர் ஊற்றோ நீராவித் துளையோ இருந்த இடத்தில் சேர்வது அது. மேலே சுற்றிய எந்தக் கலமும் அதைக் காட்டிக் கொடுக்கவில்லை. 2013இல் கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி துளையிட்டு எடுத்த சாம்பல் நிறப் பொடி வேறு ஒன்றைச் சொன்னது. அங்கே இருந்த ஏரியின் நீர் அமிலமும் அல்ல, உப்புக் கரிப்பும் அல்ல, குடிக்கத்தக்க தன்மையுடையது. ஒரே கோளில் எத்தனை விதமான தண்ணீர்!

பிறகுதான் ஜெசெரோ. 45 கிலோமீட்டர் அகலப் பள்ளம், அதற்குள் ஓர் ஆறு நுழைந்து விரித்துப் போட்ட வண்டல் விசிறி. 350 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கழிமுகம் அது. 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவியரன்ஸ் அங்கே இறங்கியது. இறங்கிய இடத்திலிருந்தே கோடியாக் என்ற தனிக்குன்றைப் படம் எடுத்தது. அந்தப் படத்தை வகுப்பில் திரையில் போட்டபோது நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கீழே கிடைமட்ட அடுக்குகள், அதன் மேல் சாய்ந்த அடுக்குகள், மீண்டும் கிடைமட்டம். ஆறு வந்து நின்ற நீரில் விழும் இடத்தில் வண்டல் இப்படித்தான் சரியும் என்று பாடத்தில் படித்த பிள்ளைகளுக்கு அது பார்த்த மாத்திரத்தில் விளங்கியது. அந்த வண்டலின் மேற்பகுதியிலோ ஒன்றரை மீட்டர் வரை அகலமுள்ள உருண்டைப் பாறைகள் சிதறிக் கிடந்தன. அமைதியாக ஓடிய ஆறு அவற்றைத் தூக்கி வந்திருக்க முடியாது. ஏரியின் பிற்காலத்தில் பெருவெள்ளங்கள் வந்திருக்கின்றன.

அதே ஜெசெரோவில் எதிர்பாராததும் நடந்தது. ஏரி இருந்த பள்ளத்தின் தரையில் ஏரிப் படிவு இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார்கள். துருவிப் பார்த்தால் அது எரிமலைக் குழம்பு ஆறிய பாறை. நிலவியலாளர்களுக்கு அது ஏமாற்றமே அல்ல, பெரிய லாபம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

2024 ஜூலையில் அந்த ரோவர் நெரெட்வா வாலிஸ் என்ற பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில் போய்க்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் ஜெசெரோவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால் அது, 400 மீட்டர் அகலம். அங்கே செயாவா ஃபால்ஸ் என்று பெயரிடப்பட்ட பாறை ஒன்று எதிர்ப்பட்டது. ஒரு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், அம்பு முனை போன்ற வடிவம். சேறு இறுகிப் பாறையானது. குறுக்கே வெள்ளை நிறக் கால்சியம் சல்பேட் நரம்புகள் ஓடுகின்றன. நரம்புகளுக்கு நடுவே சிவப்புப் பட்டை. அந்தச் சிவப்புப் பட்டையில் சில மில்லிமீட்டர் அகலமுள்ள வெளிறிய புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு வளையம். ஆய்வாளர்கள் அவற்றைச் சிறுத்தைப் புள்ளிகள் என்றார்கள். அவற்றைவிடச் சிறிய கரும்புள்ளிகளும் இருந்தன. அவற்றுக்குக் கசகசா என்று பெயர் வைத்தார்கள்.

2025 செப்டம்பர் 10 அன்று நேச்சர் இதழில் ஜோயல் ஹுரோவிட்ஸ் குழுவினரின் ஆய்வு வெளியானது. கறுப்பு வளையங்களில் இரும்புப் பாஸ்பேட்டான விவியனைட்டும், வெளிறிய நடுப்பகுதியில் இரும்புச் சல்பைடான கிரெய்கைட்டும் இருப்பதற்கான அடையாளங்களை அவர்கள் காட்டினார்கள். அதே பாறையில் கரிமச் சேர்மங்களும் இருக்கின்றன. பூமியில் இந்த இரு கனிமங்களும் சேர்ந்து கிடைக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். அழுகும் கரிமப் பொருள் நிறைந்த சதுப்புச் சேறு, ஏரியடிச் சேறு. அங்கே நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்று, இரும்பையும் கந்தகத்தையும் வேதியியல் நிலை மாற்றி வெளியேற்றுகின்றன. உயிர் இல்லாமலும் இவை உண்டாகலாம். ஆனால் அதற்குப் பெரும்பாலும் கடும் வெப்பம் தேவை. இந்தப் பாறையோ வெந்ததற்கான அறிகுறி காட்டவில்லை. ஆய்வாளர்கள் வார்த்தைகளை அளந்து பேசினார்கள். உயிர் இருந்ததற்கான சாத்தியமுள்ள தடயம், அவ்வளவுதான், மேலும் ஆராய வேண்டும் என்றார்கள். செவ்வாயில் உயிரைக் கண்டறிவதற்கு இதுவரை நாம் வந்ததிலேயே மிக நெருக்கமான இடம் இதுதான் என்ற பொருளில் நாசாவின் அன்றைய பொறுப்பு நிர்வாகியே பேசினார். நான்கே மாதங்களில் திட்டம் கைவிடப்பட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

அந்தப் பாறையிலிருந்து எடுத்த மாதிரிக்கு சஃபயர் கேன்யன் என்று பெயர். சுண்டு விரல் அளவு, 13 மில்லிமீட்டர் குறுக்களவு, அதிகம் போனால் 6 சென்டிமீட்டர் நீளம். காற்றுப் புகாதபடி மூடப்பட்டிருக்கிறது. திரீ ஃபோர்க்ஸில் கிடக்கும் பத்தில் அது இல்லை. ரோவரின் வயிற்றுக்குள் இருக்கிறது.

அங்கேயே வைத்து ஆராய முடியாதா, இன்னொரு ரோவரில் இன்னும் நல்ல கருவிகளை அனுப்பக் கூடாதா என்று கேட்பீர்கள். என் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் நடக்கும் ஒரு சாதாரண வேலையைச் சொல்கிறேன். ஒரு கல்லைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அதை வைர ரம்பத்தால் அறுக்கிறோம். அறுத்த முகத்தை வழவழப்பாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறோம். பிறகு மறுபக்கத்தைக் கார்போரண்டப் பொடியும் தண்ணீரும் போட்டுத் தேய்க்கத் தொடங்குகிறோம். ஒளி ஊடுருவும்வரை, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்க்க வேண்டும். அந்த அளவு வந்துவிட்டதா என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை. முனைவாக்கும் நுண்ணோக்கியில் குவார்ட்ஸ் துகள் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் கனம் இருக்கிறது, சாம்பல் வெண்மைக்கு வந்துவிட்டால் நிறுத்தலாம். ஒரு சுற்று அதிகம் தேய்த்தால் கல்லே காணாமல் போய்விடும். கை பழகியவருக்கே சில நேரம் தவறும். இப்படிச் செய்த சீவலில்தான் எந்தத் துகள் முதலில் வந்தது, எது பிறகு வந்து இடுக்கை நிரப்பியது, எது எதைத் தின்றது என்பதெல்லாம் தெரியும். வசதி குறைந்த கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டு மாணவர் செய்யும் வேலை இது. இதுவரை செவ்வாயில் இறங்கிய எந்த இயந்திரமும் இதைச் செய்ததில்லை.

இது தொடக்கம் மட்டுமே. பெர்சிவியரன்சின் பிக்சல் கருவி பாறையின் மேல் பாய்ச்சும் எக்ஸ்கதிர்க் கற்றையின் அகலம் 0.12 மில்லிமீட்டர். அற்புதமான கருவிதான். ஆனால் பூமியின் ஆய்வகங்கள் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு நுணுக்கமாகப் பார்க்கும். முடிவைத் தீர்மானிக்கக் கூடியது ஐசோடோப்பு அளவீடு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதத்தை அளப்பது. சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் நுண்ணுயிர்கள் எடை குறைந்த கந்தகத்தைத்தான் விரும்பி எடுக்கும். ஆகவே அவை விட்டுச்செல்லும் சல்பைடில் கந்தகம் 34இன் பங்கு குறைந்திருக்கும். சஃபயர் கேன்யனில் உள்ள கிரெய்கைட் துகள்களில் அந்த விகிதத்தை அளந்துவிட்டால் நாம் பாதிக் கிணறு தாண்டிவிடுவோம். பெர்சிவியரன்சில் அதை அளக்கும் கருவி இல்லை. ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் அத்தகைய கருவிகளைச் சுருக்கி அடுத்த ரோவரில் ஏற்றி அனுப்பினாலும், அது ஒரு பதிலைச் சொல்லும், அந்தப் பதில் இன்னொரு கேள்வியை எழுப்பும், அதற்குரிய கருவி அங்கே இருக்காது.

இது வெறும் ஊகம் அல்ல. உங்கள் நிறுவனத்தின் வரலாற்றிலேயே இருபுறமும் சான்று இருக்கிறது.

1976இல் இரண்டு வைக்கிங் கலங்கள் செவ்வாய் மண்ணை அள்ளி, சூடாக்கி, கரிமப் பொருள் இருக்கிறதா என்று பார்த்தன. குளோரின் கலந்த சிறு சேர்மங்கள்தாம் வந்தன. கருவியைச் சுத்தம் செய்த திரவத்தின் மிச்சம் என்று ஒதுக்கிவிட்டார்கள். செவ்வாயில் உயிர் தேடும் முயற்சியே அதன்பின் வெகுகாலம் தளர்ந்துபோனது. 32 ஆண்டுகள் கழித்து, 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டுபிடித்தது. சூடாக்கும்போது கரிமப் பொருளை எரித்துச் சிதைக்கக் கூடியது அது. அப்படியானால் வைக்கிங் அள்ளிய மண்ணில் கரிமப் பொருள் இருந்து, சூடாக்கியதிலேயே அழிந்துபோயிருக்குமா? மறுபடி சோதிக்க அந்த மண் யார் கையிலும் இல்லை. அந்த வாதம் இன்றுவரை தீரவில்லை.

இப்போது மறுபுறம். அப்பல்லோ 15, அப்பல்லோ 17 வீரர்கள் 1971இலும் 1972இலும் நிலவிலிருந்து எரிமலைக் கண்ணாடி மணிகளை எடுத்துவந்தார்கள். நிலவு எலும்புவரை வறண்டது என்பது அன்றைய தீர்ப்பு. அந்த மணிகள் பத்திரமாக இருந்தன. 2008இல் ஆல்பர்ட்டோ சால் குழுவினர், அப்பல்லோ காலத்தில் இல்லாத ஒரு கருவியில் அவற்றை வைத்துப் பார்த்து உள்ளே தண்ணீரைக் கண்டார்கள். அந்த மணிகள் பூமியில் இருந்ததால் தீர்ப்பு மாறியது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தவை. ஒன்றில் கல் கையில் இருந்தது, மற்றொன்றில் இல்லை. இதைவிடத் தெளிவாக என்னால் என் வாதத்தைச் சொல்ல முடியாது.

செவ்வாய்க் கல் ஏற்கெனவே பூமியில் இருக்கிறதே என்றும் கேட்கலாம். இருக்கிறது. அதில் ஒன்று எங்கள் நாட்டில்தான் விழுந்தது. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷேர்காட்டியில் விழுந்த விண்கல்லின் பெயரால்தான் செவ்வாய் விண்கற்களின் ஒரு பெரும் பிரிவையே உலகம் அழைக்கிறது. ஆனால் அந்தக் கல் செவ்வாயில் எந்த இடத்தில் இருந்தது, அதன் கீழே என்ன இருந்தது, மேலே என்ன இருந்தது என்று சொல்ல ஆளில்லை. தவிர, மோதலில் பிய்த்து எறியப்பட்டு விண்வெளியைக் கடந்து வந்து சேரும் அளவுக்கு உறுதியானவை பெரும்பாலும் எரிமலைப் பாறைகள்தாம். ஏரியடிச் சேறு அந்தப் பயணத்தில் பொடியாகிவிடும். அண்டார்க்டிகாவில் 1984இல் கிடைத்த ஏஎல்எச் 84001 என்ற செவ்வாய் விண்கல்லில் உயிரின் தடயம் இருப்பதாக 1996இல் உங்கள் விஞ்ஞானிகள் அறிவித்தபோது எழுந்த சச்சரவில் பாதி, அது பூமியில் கிடந்த காலத்தில் உள்ளே புகுந்தது எது, செவ்வாயிலிருந்து வந்தது எது என்பதைப் பற்றியது. ஜெசெரோவின் குழாய்களுக்கு அந்தச் சிக்கல் மிகக் குறைவு. விண்வெளிக்குப் போன பொருள்களிலேயே மிகத் தூய்மையானவற்றில் சேரும் குழாய்கள் அவை. ஒவ்வொரு மாதிரியும் எந்தப் பாறையில், எந்தத் திசை நோக்கி இருந்தது என்பதுவரை குறித்து வைத்திருக்கிறீர்கள். கூடவே, பூமியிலிருந்து ஏதேனும் தூசு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் காட்டிக்கொடுப்பதற்கென்றே சாட்சிக் குழாய்களையும் வைத்தீர்கள். அவ்வளவு தூரம் யோசித்தவர்கள் நீங்கள்.

எரிமலைப் பாறை லாபம் என்றேனே, அதற்கு வருகிறேன். செவ்வாயில் நாம் சொல்லும் வயதுகள் பெரும்பாலும் நிலவிடம் கடன் வாங்கியவை. ஒரு பரப்பில் எத்தனை மோதல் குழிகள் இருக்கின்றன என்று எண்ணி, அப்பல்லோ கற்களின் வயதோடு பொருத்தி, அதைச் செவ்வாய்க்கு மாற்றிக் கணக்கிடுகிறோம். பல கோடி ஆண்டுகள் முன்பின் ஆகலாம். கழிமுகத்துக்கு அடியில் கிடக்கும் எரிமலைப் பாறையின் வயதை ஆய்வகத்தில் துல்லியமாகக் கண்டுவிட்டால், ஏரி எப்போது தொடங்கியது என்பதற்கு ஒரு வரம்பு கிடைக்கும். செவ்வாய் முழுவதற்குமான காலக்கணக்கும் சீராகும். அந்தப் பாறையின் மாதிரிகள் தரையில் கிடக்கும் பத்திலேயே இருக்கின்றன. உயிர் இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று விடை வந்தாலும் இந்த ஒன்றுக்காகவே பயணம் தகும்.

செலவைப் பற்றிப் பேசாமல் நழுவ மாட்டேன். 2023இல் நீங்களே அமைத்த தனிக்குழு 800 கோடி முதல் 1,100 கோடி டாலர் வரை ஆகும் என்றது. நிதியும் கால அட்டவணையும் தொடக்கத்திலிருந்தே நடைமுறைக்கு ஒவ்வாதவை என்றும் சொன்னது. கற்கள் வந்துசேர 2040 ஆகிவிடும் என்று 2024 ஏப்ரலில் அன்றைய நிர்வாகி பில் நெல்சன் கூறி, அதை ஏற்க முடியாது என்றார். அவர் சொன்னது சரி. ஒரே திட்டம் மற்ற எல்லாக் கோள்களுக்கும் போகும் பயணங்களின் பணத்தை விழுங்குவதை நானும் விரும்பவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லையே. 2025 ஜனவரியில் நாசா இரண்டு மாற்று வழிகளை முன்வைத்தது. எந்த வழியை எடுத்தாலும் மதிப்பீடு 580 கோடிக்கும் 770 கோடி டாலருக்கும் இடையில்தான். ராக்கெட் லேப் நிறுவனம் 400 கோடிக்குள் முடிப்பதாகச் சொன்னது. லாக்ஹீட் மார்ட்டின் 300 கோடிக்குள், நிலையான விலையில் முடிப்பதாக முன்வந்தது. இந்த எண்கள் அனைத்தும் அப்படியே நிற்கும் என்று நம்பும் அளவுக்கு நான் வெகுளி அல்லன். ஆனால் இவற்றைச் சோதித்துப் பார்த்து, போட்டி ஒப்பந்தம் கோரி, எது நிற்கிறது என்று காணும் வேலையையாவது செய்திருக்க வேண்டும். விலை அதிகம் என்று சொல்லிவிட்டு, குறைந்த விலை கேட்டு வந்தவர்களிடமும் கதவைச் சாத்துவது எந்த நிர்வாகத்தில் சரி?

மனிதர்கள் செவ்வாய்க்குப் போகும்போது எடுத்து வருவார்கள் என்று 2026ஆம் ஆண்டுக்கான நிதிநிலைக் கோரிக்கையில் வெள்ளை மாளிகை சொன்னது. இதில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். மனிதர்கள் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு மனித உடலும் கோடானுகோடி நுண்ணுயிர்களைச் சுமந்து செல்கிறது. மனிதர்கள் கால் வைத்த பிறகு அந்தக் கோளில் எடுக்கும் எந்த மாதிரியிலும், இது செவ்வாயினுடையதா நம்முடையதா என்ற ஐயம் ஒட்டிக்கொள்ளும். செவ்வாய் இன்னும் மனிதக் கைபடாமல் இருக்கும்போதே எடுத்து மூடப்பட்டவை இந்தக் குழாய்கள். இப்படி எடுக்கும் வாய்ப்பு ஒருமுறைதான் வரும். அதை முதலில் ஆராய்ந்துவிட்டு மனிதர்களை அனுப்புவதுதான் முறை. அங்கே போகிறவர்களின் பாதுகாப்புக்கும் அதுவே நல்லது. அந்த மண்ணிலும் தூசியிலும் என்ன இருக்கிறது என்பதை அறிந்து போவார்கள்.

சீனாவைப் பற்றிச் சொல்லி உங்களை உசுப்பேற்ற நான் விரும்பவில்லை. தியான்வென் 3 கலத்தை 2028ஐ ஒட்டி ஏவி, 2031ஐ ஒட்டிக் குறைந்தது 500 கிராம் செவ்வாய்ப் பொருளைக் கொண்டுவர அவர்கள் திட்டமிட்டிருக்கிறார்கள். கொண்டுவந்தால் என் வகுப்பில் நாங்கள் கொண்டாடுவோம். ஆனால் அந்தக் கற்கள் வேறு, இவை வேறு. ஓரிடத்தில் இறங்கி, சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு கிளம்பும் பயணம் அது. பெர்சிவியரன்ஸ் இறங்கியது முதல் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடந்து, பள்ளத்தின் தரை, கழிமுகம், ஆற்றுப் பள்ளத்தாக்கு, பள்ளத்தின் விளிம்பு என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்த்து, நூற்றுக்கணக்கானோர் விவாதித்துத் தேர்ந்தெடுத்த கற்கள் இவை. இப்படி ஒரு தொகுப்பை இன்னொருவர் உருவாக்க இன்னொரு பெர்சிவியரன்ஸ் வேண்டும்.

நேரம் உங்கள் பக்கம் இல்லை. ரோவருக்கு மின்சாரம் தரும் புளுட்டோனியம் ஆண்டுக்கு ஆண்டு தளர்கிறது. 2024 ஜனவரியில், கரிமப் பொருளைத் தேடும் ஷெர்லாக் கருவியின் மூடி திறந்தபடி சிக்கிக்கொண்டு, அதைச் சரிசெய்யப் பல வாரங்கள் ஆயின. நாளை கையோ, மாதிரிகளைக் கையாளும் உள்கருவியோ நின்றுபோனால் சஃபயர் கேன்யன் ஒரு செத்த வண்டிக்குள் சிறைப்பட்டுவிடும். இயந்திரம் மட்டுமல்ல, மனிதர்களும் போகிறார்கள். பெர்சிவியரன்சை உருவாக்கி இயக்கும் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் 2024 பிப்ரவரியில் 530 பேரையும் 2025 அக்டோபரில் மேலும் 550 பேர் அளவிலும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. செவ்வாயில் கலத்தை இறக்கும் கலையைப் புத்தகத்தில் எழுதி வைத்துப் பின்னால் படித்துக்கொள்ள முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் அமர்ந்து கற்க வேண்டிய வேலை அது. கல்லைச் சீவக் கற்பிக்கிறவன் என்பதால் எனக்கு இது நன்றாகவே தெரியும்.

உங்கள் தேசிய அறிவியல் கழகங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை தரும் முன்னுரிமைப் பட்டியலில், 2011இலும் 2022இலும், இந்த வேலைக்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். யாரோ சிலருடைய ஆசையாக இது தொடங்கவில்லை. அந்தப் பரிந்துரையை ஏற்றுத்தான் பெர்சிவியரன்சை 43 குழாய்களோடு அனுப்பினீர்கள். அவற்றில் பெரும்பாலானவை நிரம்பிவிட்டன. அரும்பாடுபட்டுச் செய்த முதற்பாதி வேலை அங்கே முடிந்து கிடக்கிறது.

எனவே நான் கேட்பது, முதலில், ரோவர் நல்ல நிலையில் இருக்கும்போதே, எளிதில் தரையிறங்கக் கூடிய ஓரிடத்தில் சஃபயர் கேன்யனையும் அதைப் போன்ற முதன்மையான மாதிரிகளையும் இறக்கி வைக்கும் திட்டத்தை வெளிப்படையாக அறிவியுங்கள். இதற்குப் புதிய ராக்கெட் தேவையில்லை, முடிவு எடுத்தால் போதும். அடுத்து, அதே 2026 ஒதுக்கீட்டில் எதிர்காலச் செவ்வாய்ப் பயணங்களுக்கென்று ஒதுக்கிய 11 கோடி டாலரில் ஒரு பகுதியைச் செவ்வாயிலிருந்து கிளம்பும் சிறு ராக்கெட்டின் வேலைக்கென்று பெயர் சொல்லி ஒதுக்குங்கள். வேறொரு கோளிலிருந்து ராக்கெட் கிளம்பியதே இல்லை. யார் எந்த வழியில் கொண்டுவந்தாலும் தவிர்க்க முடியாத பகுதி அது. தனியார் நிறுவனங்களின் முன்மொழிவுகளுக்கு முறைப்படி போட்டி நடத்துங்கள்.

கூட்டாளிகளையும் மறுபடி அழையுங்கள். கற்களைப் பூமிக்கு ஏந்திவரும் சுற்றுகலனைச் செய்துதர ஐரோப்பிய விண்வெளி முகமை பல ஆண்டுகள் உழைத்தது. அவர்களிடம் ஒரு சொல் கொடுத்திருந்தீர்கள். இந்தியாவையும் கேளுங்கள். திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன் திட்ட இயக்குநராக இருந்த மங்கள்யான், ஏறத்தாழ 450 கோடி ரூபாயில் 2014 செப்டம்பர் 24 அன்று முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையில் சேர்ந்தது. 2023 ஜூனில், விண்வெளி ஆய்வில் ஒத்துழைப்பதற்கான ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் இந்தியா கையெழுத்திட்டிருக்கிறது. தகவல் தொடர்பு, ஆய்வகங்கள், கலத்தின் சில பாகங்கள் என்று பகிர்ந்துகொள்ள எவ்வளவோ இருக்கிறது. பகிர்ந்துகொண்ட செலவுக்கு ஈடாகக் கற்களில் ஒரு சிறு பங்கு கொடுங்கள். அகமதாபாத்திலும் ஹைதராபாத்திலும் அதைக் கையாளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நாடாளுமன்றக் குழுக்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த நிதியாண்டுக்கான மசோதாவை எழுதும்போது, நாசா இத்தனை நாட்களுக்குள் மாதிரிகளைக் கொண்டுவரும் புதிய திட்டத்தையும் அதன் உச்சவரம்புச் செலவையும் சமர்ப்பிக்க வேண்டும் என்று தேதி குறித்து ஒரு வரி சேருங்கள். அந்த வரியில் செலவு உச்சவரம்பு எவ்வளவு என்று நீங்களே எழுதுங்கள். அதற்குள் முடியுமா என்று பொறியாளர்கள் பதில் சொல்லட்டும்.

மிகுந்த மதிப்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு நிலவியல் ஆசிரியர்